இனிப்பு மறைந்தால் சர்க்கரை மறைந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுகுறிஞ்சான் என்ற கொடியின் இலையை மென்ற வாயில் சீனியைப் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். அதைக் காட்டியே நீரிழிவுக்கு ‘சர்க்கரைக்கொல்லி’ என்று இந்த இலைப்பொடியை விற்கிறார்கள். கொல்லப்படுவது சர்க்கரை அல்ல, நாக்கின் இனிப்புச் சுவை மட்டுமே. இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளில் ஒட்டிக்கொள்கின்றன; அரை மணி நேரம்போல இனிப்பு தெரியாது. விழுங்கிய லட்டு வழக்கம்போல ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும்.

அதற்காக இலையில் மருந்துக் குணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை இது தாமதப்படுத்துவது விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர் தங்கள் மாத்திரைகளோடு தினமும் 400 மி.கி. இலைச்சத்தை 18 முதல் 20 மாதம் சாப்பிட்டார்கள். சர்க்கரை அளவு குறைந்தது. 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு; மருந்தில்லாத போலி மாத்திரையை வேறு சிலருக்குக் கொடுத்து ஒப்பிட்டதும் இல்லை. அந்த 400 மி.கி. செறிவாக்கிய சத்து, இலைப்பொடி அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணி அளவு போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பொடி வாங்கினால் ஒரு சோதனை செய்யலாம். கால் தேக்கரண்டிப் பொடியை நாவில் ஒரு நிமிடம் வைத்திருந்து, துப்பி, வாயைக் கொப்பளித்தபின் சிறிது சீனி போடுங்கள். இனிப்பு நன்றாகவே தெரிந்தால் பொடி வேறு இலையாகவோ சத்து போனதாகவோ இருக்கும். பெயர் ஒத்திருக்கும் பெருங்குறிஞ்சான் வேறு கொடி. இந்தச் சோதனை இலை அசலா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லாது.

பெரிய ஆபத்து தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகிய நீரிழிவு மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்த்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் (சுமார் மூன்று தேக்கரண்டி) தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். பொடி தின்ற வாய்க்கு அந்தத் தண்ணீர் இனிக்காது. ‘வேலை செய்யவில்லை’ என்று மேலும் மேலும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை.

கல்லீரல் பாதிப்பு ஓரிருவருக்கு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்துங்கள். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுவது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்,
நாமக்கல்