கையெழுத்துப் போடுவதற்கு முன், மகளுக்கு

அன்பு கண்ணம்மா,

உன் மெயிலைப் படித்தேன். உங்கள் குழுவின் பாட்டில் கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதி, முதல் முப்பது நொடிக்குள் வந்துவிட வேண்டும், அலறலைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உங்களோடு ஒப்பந்தம் போட வந்த லேபிள்காரர், அதாவது ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்காரர், சொன்னாராம். மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இந்த மெட்டல்கோர் இசைக் குழுக்கள் எல்லாமே ஒரே மாதிரி கேட்கிறதே, உங்கள் காலத்திலும் இப்படியா என்று கேட்டிருக்கிறாய். இதைப் போனில் சொன்னால் சரியாக வராது, அதனால் எழுதுகிறேன்.

கோரஸில் ராகமாகப் பாடுவது தப்பே இல்லை. நான் மாசசூசெட்ஸில் வேலை பார்த்த நாட்களில்தான், 2002இல், கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழுவினர் தங்கள் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டார்கள். அதில் அலறலுக்குப் பின்னால் பாட்டு வரும்போது நெஞ்சு நிறையும், கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடும். அது விற்றது. விற்றதும் எல்லா லேபிளும் அதே அச்சில் இன்னொன்று கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார்கள். வேகத்தைக் குறைத்துக் கனமாக அடிக்கும் ஒரு பிரேக்டவுன், ஒரு இனிமையான கோரஸ், மறுபடி பிரேக்டவுன். டிரம்மை யார் அடித்தாலும் மேலே முன்பே பதிவு செய்து வைத்த அதே சாம்பிள் ஒலியை ஒட்டி, ஒவ்வொரு அடியையும் கணினியில் கோடு போட்ட மாதிரி நேராக்கிவிடுகிறார்கள். கன்வெர்ஜ் குழு 2001இல் போட்ட ‘ஜேன் டோ’ ஆல்பத்தை இப்போது ஹெட்போனில் கேட்டுப் பார். சிம்பல் சத்தம் எல்லாவற்றின் மேலும் வழியும், கிட்டார் வீறிடும், பாடகரின் வார்த்தை பாதி புரியாது, ஆனால் அவர் எதையோ இழந்துவிட்டார் என்பது மட்டும் உனக்குத் தெரிந்துவிடும். ஒட்டுப்போட்ட ஒலியில் அது வரவே வராது.

அந்த முப்பது நொடிக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது நொடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. அதனால் அவர் சொன்னது உன் இசையைப் பற்றியே இல்லை, அந்தக் கணக்கைப் பற்றி.

அப்புறம் லேபிள்கள். ஃபெரட், நியூ ஜெர்சியில் ஒரு ஹார்ட்கோர் பாடகர் நடத்திய லேபிள். கில்ஸ்விட்ச்சின் முதல் ஆல்பத்தைப் போட்டதே அவர்கள்தான். 2006இல் பெரிய இசைக் கம்பெனியான வார்னர் அதில் பங்கு வாங்கியது. அதே வருஷக் கடைசியில் ரோட்ரன்னர் லேபிளையும் வாங்க ஒப்பந்தம் போட்டது. போர்ட்லேண்டின் ரைஸ் லேபிளை 2015இல் பிஎம்ஜி என்ற பெரிய கம்பெனி வாங்கியது. 1989இல் சிகாகோவில் தொடங்கி எர்த் கிரைசிஸ், ஹேட்பிரீட் போன்ற குழுக்களை வெளியிட்ட விக்டரி லேபிள் 2019இல் கான்கார்ட் கம்பெனியிடம் போனது. இண்டி, அதாவது சுயேச்சை லேபிள், என்ற பெயரைப் பலர் இன்னும் விடவில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பது வேறு ஆள்.

ஒரு லேபிளை விற்கும்போது எதை விற்கிறார்கள்? மேஜை நாற்காலியையா? பதிவுகளைத்தான். பத்தொன்பது வயதில் வேனில் படுத்துத் தூங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்த பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாஸ்டர்கள், அதாவது மூலப் பதிவுகள், அவர்கள் முகத்தையே பார்த்திராத ஒரு கம்பெனிக்குக் கை மாறுகின்றன. யாரும் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் சட்டப்படி அது அவர்களுடையதே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். நிஜமான இசையா போலியா என்று பிள்ளைகள் கோரஸை வைத்துச் சண்டை போடுகிறார்கள், நான் முதலில் பார்ப்பது பதிவு யார் கையில் இருக்கிறது என்பதை. பதிவு யாருடையதோ, அடுத்த ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கடைசி வார்த்தையும் பெரும்பாலும் அவருடையதுதான்.

எ டே டு ரிமெம்பர் குழுவின் வழக்கைத் தேடிப் படி. விக்டரியோடு ஐந்து ஆல்பத்துக்கு ஒப்பந்தம். அது முடிந்ததா இல்லையா, ராயல்டி பாக்கி எவ்வளவு என்று 2011இல் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நடக்கும்போதே 2013இல் அடுத்த ஆல்பத்தைத் தாங்களே வெளியிட நீதிபதியின் அனுமதி தேவைப்பட்டது. ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2016இல். அவ்வளவு பெரிய குழுவுக்கே ஐந்து வருஷம் என்றால், நீங்கள் நாலு பேர் வக்கீலுக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவீர்கள்?

எல்லா லேபிளும் அப்படி என்று நினைத்துவிடாதே. டெத்விஷ் என்ற லேபிள் கன்வெர்ஜின் பாடகரே நண்பரோடு தொடங்கியது. கன்வெர்ஜின் கிட்டாரிஸ்ட் சேலத்தில், நம்ம ஊர் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம், தன் சொந்த ஸ்டுடியோவில் மற்றக் குழுக்களையும் பதிவு செய்கிறார். இசைக்காரர் கையிலேயே சாவி இருந்தால் இப்படியும் நடக்கும்.

உன் ஒப்பந்தத்துக்கு வருவோம். முன்பணம் பரிசு இல்லை, உங்கள் ராயல்டியிலிருந்தே பிடித்துக்கொள்ளும் பணம். ஸ்டுடியோ, வீடியோ செலவும் அந்தக் கணக்கிலேயே ஏறும். லேபிள்காரரிடம் இதையெல்லாம் கேள்: மாஸ்டர் எத்தனை வருஷத்துக்கு அவர்களிடம், லேபிளை விற்றால் உங்கள் சம்மதம் வேண்டுமா, அடுத்து எத்தனை ஆல்பங்களைத் தங்களுக்கே தரச் சொல்ல அவர்களுக்கு உரிமை, டி-ஷர்ட் விற்பனையில் அவர்களுக்குப் பங்கு உண்டா? டி-ஷர்ட்டைக் கண்டிப்பாகக் கேள். பல அரங்குகள் ஏற்கெனவே அதில் ஒரு பங்கு எடுக்கின்றன, லேபிளும் எடுத்தால் பெட்ரோலுக்குக்கூட மிஞ்சாது. வாயால் சொல்லும் பதில் வேண்டாம், எழுத்தில் வாங்கு.

அந்தப் பாட்டை நீ அனுப்பிய மாதிரியே வைத்துக்கொள், இரண்டு நிமிஷம் கழித்து வரும் கோரஸ் அங்கேதான் வர வேண்டும். ஒப்பந்தத்தை ஒரு பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து இந்த வாரமே அனுப்பு. நான் படித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதே.

அப்பா