அப்பாவுக்கு விசில் கொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், அன்று திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பணியில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பது 2021இல் தெரிந்தது. திண்டுக்கல் - மதுரை வண்டியில் பல வருடம் கண்டக்டராக இருந்தவர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. ஆனால் சின்னாளப்பட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் என்று வரிசை பிசகாமல் சொல்வார். புது நினைவுகளைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்கிவிடுகிறது, பழையவை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்று மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். இதற்குத் தரும் டோனபெசில் மாத்திரை நோயைக் குணமாக்காது என்பதையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகப் பேசிய அந்த அரை மணி நேரத்துக்கு என் முதல் நன்றி.

விடிகாலை நாலு மணிக்கு அப்பா டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். "நீங்க ரிட்டயர் ஆகி 15 வருஷம் ஆச்சுப்பா" என்பேன். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் செய்தி. முகம் வாடி அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். உண்மையைத்தானே சொல்கிறேன் என்று நினைத்து, தினமும் அவரை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தெருமுனை டீக்கடை அண்ணன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "வண்டி டிப்போவுலேருந்து இன்னும் வரலைங்கய்யா, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அப்பா சரி என்று பெஞ்சில் உட்கார்ந்தார். டீ முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வருடமாக அந்த டீக்கு நீங்கள் காசு வாங்கவில்லை, அண்ணே.

அப்புறம் அந்த மழை இரவு. கதவு திறந்து கிடந்தது, அப்பாவைக் காணோம். தேடாத இடமில்லை. கடைசியில் பேருந்து நிலையத்திலிருந்து போன் வந்தது. அவர் சட்டைப்பையில் அம்மா தைத்து வைத்திருந்த எண்ணைப் பார்த்து ஒரு இளைய கண்டக்டர் அழைத்தார். நாங்கள் போனபோது, நின்றிருந்த மதுரை வண்டியின் முன் இருக்கையில், தோளில் துண்டு போர்த்தி அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் அந்தத் தம்பியின் விசில். "மதுரை, மதுரைன்னு ஆள் கூப்பிட்டுட்டு இருந்தாருக்கா. சீனியரு, நின்னுட்டே இருக்க வேண்டாம்னு உக்கார வச்சோம்" என்றார். யாரும் அவரை விரட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தம்பி, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அம்மா இன்றும் உங்களைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறார்.

நானும் அம்மாவும் தூங்க வேண்டும் என்பதற்காகவே பத்து நாள் லீவு போட்டு வந்த என் சொந்தத் தம்பியின் மனைவிக்கும், நான் உடைந்துபோய் 14567 முதியோர் உதவி எண்ணை அழைத்தபோது அழுது முடிக்கும்வரை காத்திருந்து பேசிய சகோதரிக்கும் நன்றி.

இப்போது என் பெயர் அப்பாவுக்கு வருவதில்லை. நேற்றுக் காலை என்னைப் பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். "வாடிப்பட்டிக்கு ஒண்ணு" என்றேன். பத்திரமாக இறக்கிவிடுவதாகச் சொன்னார்.

நன்றியுடன்,
கண்டக்டர் மகள்
திண்டுக்கல்