மெத்தையின் எடையைக் கேட்டு எழுது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு மெத்தைப் படங்களும் வந்தன. ஒன்று 8 இன்ச் மெமரி ஃபோம், பாதி விலை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று 8 இன்ச் பாக்கெட் ஸ்பிரிங், தள்ளுபடி எதுவும் இல்லை. "எதுப்பா லாபம்?" என்று கேட்டிருக்கிறாய். படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாதம்மா. மேலே தைத்த துணியும் பூவேலையும்தான் படத்தில் தெரிகின்றன. நீ காசு கொடுக்கப்போவது உள்ளே இருப்பதற்கு.

அதற்கு முன்னால், பழைய மெத்தை உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிடு. விரிப்பை உருவிவிட்டு, மெத்தையின் குறுக்கே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நீங்கள் படுக்கும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி எவ்வளவு பள்ளம் என்று குறித்துக்கொள். பிறகு மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டு அதே இடத்தில் மறுபடி அளந்து பார். தரையில் பள்ளம் காணாமல் போனால் குற்றம் கட்டிலில். குறுக்குப் பலகை விரிசல் விட்டிருக்கும், அல்லது நடுச்சட்டத்துக்குக் கால் இருக்காது. அந்தக் கட்டிலில் எந்தப் புது மெத்தையைப் போட்டாலும் கொஞ்ச நாளில் இதே கதைதான். பலகைகளுக்கு இடையில் 3 இன்ச்சுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அந்தச் சந்துகளில் பிதுங்கி இறங்கும். பல கம்பெனிகள் இதைக் காட்டியே வாரண்டியை மறுத்துவிடுகின்றன. இருவர் படுக்கும் கட்டிலுக்கு நடுவில் ஒரு காலாவது தரையைத் தொட வேண்டும்.

பள்ளம் இல்லை, கெட்டியாக இருப்பதுதான் தொந்தரவு என்றால் புது மெத்தையே வேண்டாம், மெத்தைமேல் விரிக்கும் 2 இன்ச் டாப்பர் (மெல்லிய மேல்மெத்தை) ஒன்று போதும். குழி விழுந்த மெத்தைக்கு அந்த வைத்தியம் செல்லாது. டாப்பரும் அதே குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. குவீன், கிங் என்ற பெயரைச் சொல்லி ஆர்டர் போடாதே. அமெரிக்காவில் 60க்கு 80 இன்ச் மெத்தைக்குப் பெயர் குவீன். ஏறக்குறைய அதே அளவுக்குப் பிரிட்டனில் பெயர் கிங். கட்டிலின் உள்ளளவைத் தலைமாட்டிலும் நடுவிலும் கால்மாட்டிலும் டேப் வைத்து அளந்து, குறைவான எண்ணைச் சொல்.

இனி உள்ளே இருப்பதற்கு வருவோம். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மேலிருந்து கீழ்வரை என்னென்ன அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை இன்ச், என்ன டென்சிட்டி?" இதை எழுத்தில் தருபவரிடம் மேற்கொண்டு பேசலாம். "இது ஆர்த்தோ மெத்தை மேடம், டாக்டரே சொல்கிறார்" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடு. ஆர்த்தோ, அதாவது எலும்புக்கும் மூட்டுக்கும் நல்லது என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் உறையில் தைத்துக்கொள்ளலாம். அதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது.

டென்சிட்டி அதிகம் என்றால் மெத்தை கெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. அது சொல்வது ஆயுளை. கெட்டியா மென்மையா என்பது ஃபோம் தயாரிக்கும் கலவையைப் பொறுத்தது. 50 டென்சிட்டியில் வெண்ணெய் மாதிரி ஃபோமும் உண்டு, 20 டென்சிட்டியில் பலகை மாதிரி ஃபோமும் உண்டு. அந்தப் பலகைதான் ஆபத்து. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது திடமாகத் தெரியும், பிறகு சீக்கிரமே தொய்ந்துவிடும். தினமும் படுக்கும் மெத்தைக்குச் சாதாரண பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் என்றால் 30க்குக் கீழே போகாதே. மெமரி ஃபோம் அடுக்கு 50க்குக் குறையக் கூடாது. 64, 80 என்று கிடைத்தால் இன்னும் நாள் தாங்கும், விலையும் ஏறும்.

இந்த எண்ணை நம்பலாமா என்று நீ கேட்பாய். நம்ப வேண்டாம், எடை போட்டுப் பார்த்துவிடு. மெத்தையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61,000ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். உன் கட்டிலுக்கு 78, 60, 8 என்று வைத்தால் பெருக்குத்தொகை 37,440. வகுத்தால் 0.61 கன மீட்டர். முழுக்க 40 டென்சிட்டி ஃபோம் என்று சொன்னால் ஃபோம் மட்டுமே 24 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். உறைக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள். இணையத்தில் விற்பவர்கள் பார்சல் எடையைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அங்கே 19 கிலோ என்று இருந்தால், உறைக்கு 2 கிலோ கழித்து மீதி 17ஐ 0.61ஆல் வகு. 28கூட வராது. சொன்ன 40க்கும் இந்த 28க்கும் உள்ள வித்தியாசம் யார் பையில் போகிறது என்று உனக்கே தெரியும்.

அடுக்கடுக்காக இருந்தாலும் இதே கணக்குதான். உன் அளவில் ஒவ்வொரு இன்ச்சும் 0.077 கன மீட்டர். மேலே 2 இன்ச் மெமரி ஃபோம் 50 டென்சிட்டி, கீழே 6 இன்ச் ஃபோம் 32 டென்சிட்டி என்றால் கிட்டத்தட்ட 8ம் 15ம் சேர்ந்து 22, 23 கிலோ. ஒன்று மட்டும் நினைவில் வை. எடை குறைந்தால் சொன்னது பொய் என்பது நிச்சயம், ஆனால் எடை சரியாக இருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறாய். சிலர் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து ஃபோமின் எடையை ஏற்றுவார்கள். கனம் கூடும், உழைப்பு குறையும், நாளடைவில் பொடி உதிரும். அதனால் கடையில் வெட்டிய துண்டு இருந்தால் வாங்கிக் கசக்கிப் பார். நல்ல ஃபோம் கையை எடுத்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். மெமரி ஃபோம் சில விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல எழும், அது அதன் இயல்பு.

பல நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்டட் ஃபோமுக்கு 80, 100 என்று டென்சிட்டி சொல்வார்கள். ஃபோம் கழிவைப் பசை போட்டு நெருக்கி அழுத்துவதால் வரும் எண் அது. சாதா ஃபோமின் 40ஐயும் இதன் 100ஐயும் ஒரே தராசில் வைக்காதே. அடியில் கெட்டிக்காக ஓர் அடுக்கு இருந்தால் தப்பில்லை, அதற்கு மேல் உடம்பு படும் அடுக்கு வேறாக இருக்க வேண்டும்.

உறையில் ஜிப் இருந்தால் திறந்து பார்க்கத் தோன்றும். "உறையைக் கழற்றாதே" என்று லேபிளில் இருந்தால் கை வைக்காதே. தீப்பிடிக்காமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைக்கும் மெத்தைகள் உண்டு. திறந்தால் அந்த இழை வீடு முழுக்கப் பரவும், கூட்டி அள்ளுவது பெரும்பாடு.

மெமரி ஃபோம் விளம்பரத்தில் நாசா வந்திருக்குமே? 1966இல் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைக்கென்று உருவாக்கியது என்பது உண்மைதான். அதற்காக நாசா உன் மெத்தைக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. உடல் சூட்டில் இளகி உருவத்துக்கேற்ப உள்வாங்குவதுதான் அதன் குணம், குளிரில் விறைக்கும். உனக்குப் படுத்த கொஞ்ச நேரத்தில் வியர்க்கும் என்பதால் மெமரி அடுக்கு 2 இன்ச்சுக்கு மேல் வேண்டாம். ஆனால் "மெமரி ஃபோம் மெத்தை" என்று பெயர் வைத்துவிட்டு அரை இன்ச் மட்டும் மேலே ஒட்டியிருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்.

ஸ்பிரிங்கில் பான்னெல், பாக்கெட் என்று இரண்டு வகை. பான்னெலில் எல்லாச் சுருளும் கம்பியால் பிணைந்திருக்கும். ஒருவர் புரண்டால் மெத்தை முழுவதும் ஆடும். பாக்கெட்டில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கிறது, அழுத்திய இடம் மட்டும் இறங்கும். மாப்பிள்ளை இரவெல்லாம் புரண்டு படுக்கிறார் என்று எழுதியிருந்தாயே, ஸ்பிரிங் என்று போனால் பாக்கெட்தான் சரி. ஆயிரம் ஸ்பிரிங், இரண்டாயிரம் ஸ்பிரிங் என்ற எண்ணிக்கையில் மயங்காதே. விரலளவு குட்டிச் சுருள்களை ஓர் அடுக்கு வைத்து எண்ணிக்கையைப் பெருக்கிவிடலாம். கம்பியின் கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் என்று அர்த்தம். இதெல்லாம்கூட இரண்டாம் பட்சம். ஸ்பிரிங் மெத்தையில் முதலில் சாவது ஸ்பிரிங் இல்லை, அதன்மேல் இருக்கும் ஃபோம். எஃகுச் சுருள் நன்றாகவே இருக்கும், மேலே 2 இன்ச் மலிவு ஃபோம் தட்டையாகி இடுப்பு இறங்கும் இடத்தில் தொட்டி விழுந்திருக்கும். ஆகவே நீ பார்த்த ஸ்பிரிங் மெத்தைக்கும் மேலடுக்கின் டென்சிட்டியைக் கேட்டாக வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து குனிந்து செருப்பு வாரைப் பூட்டிப் பார். சரிந்து விழுவதுபோல் இருந்தால் ஓரத்தில் தாங்கல் இல்லை.

லேட்டக்ஸ் என்ற ரப்பர் ஃபோம் நன்றாக உழைக்கும், கனமும் விலையும் அதிகம். "நேச்சுரல்" என்று சொன்னால் நூற்றுக்கு எத்தனை பங்கு இயற்கை ரப்பர் என்று கேள்.

முதுகு வலிக்குக் கட்டாந்தரைபோல மெத்தை வேண்டும் என்பது பழைய பேச்சு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்த ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. நீ ஒருக்களித்துப் படுப்பவள். தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கை மரத்துப்போகும். குப்புறப் படுப்பவருக்கு அமிழக் கூடாது, வயிறு இறங்கினால் இடுப்பு வளையும். உடல் எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் டென்சிட்டியும் கெட்டியும் ஒரு படி ஏற வேண்டும்.

கடைக்கு இருவருமாகப் போங்கள், உங்கள் தலையணையையும் எடுத்துக்கொண்டு. கையால் அமுக்கிப் பார்ப்பது கடைக்காரருக்கு மரியாதை, அவ்வளவுதான். இரவில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே 15 நிமிடம் படுங்கள், வெட்கப்படாதீர்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உனக்குக் கெட்டி, நுழையவே மறுத்தால் மென்மை, உரசிக்கொண்டு போனால் சரி.

விலைக்கு வருகிறேன். பாதி விலை என்பது எதில் பாதி? முழு விலையை எழுதியவரும் அவரே. ஒரே மெத்தையை உறைத் துணியை மட்டும் மாற்றி ஒவ்வொரு கடைக்கு ஒவ்வொரு பெயரில் அனுப்பும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு, நீ ஒப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே அடுக்கு விவரத்தை வைத்து ஒப்பிடு. ஆண்டுக் கணக்கும் போட்டுப் பார். ஒன்றின் விலை 100 பங்கு என்று வை, 4 ஆண்டில் குழி விழுந்தால் ஆண்டுக்கு 25. மற்றது 160, 9 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 18கூட ஆகாது. 8 இன்ச், 10 இன்ச் என்று உயரத்துக்குக் காசு கொடுக்காதே. நல்ல 6 இன்ச், மட்டமான 10 இன்ச்சைவிட நாள் தாங்கும். விலையில் இறங்கி வராதவர்கூட மெத்தைமேல் போடும் வாட்டர்ப்ரூஃப் புரொடெக்டர் உறையையும் பழைய மெத்தையை அள்ளிச் செல்வதையும் இலவசமாகச் சேர்த்துத் தருவார், கேட்டுப் பார்.

அந்தப் புரொடெக்டரை முதல் இரவே போட்டுவிட வேண்டும். வாரண்டித் தாளைப் படித்தால் ஏன் என்று புரியும். மெத்தையில் கறை இருந்தால் குறையைப் பார்க்கவே மாட்டோம் என்று எழுதியிருக்கும். எத்தனை ஆண்டு என்ற பெரிய எழுத்தைவிட, எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் குறையாக ஏற்பார்கள் என்ற சின்ன எழுத்துதான் முக்கியம். யாரும் படுக்காத நிலையில் ஒன்றரை இன்ச் என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வளவு இறங்குவதற்குள் உன் இடுப்பு போய்விடும். ஒரு இன்ச் அல்லது முக்கால் இன்ச் என்றால் நியாயம். சில ஆண்டுக்குப் பிறகு முழுதாக மாற்றித் தராமல், ஓடிய ஆண்டுக்கு ஏற்ப உன்னிடமே பங்கு கேட்பார்கள். அது எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார். போக்குவரத்துச் செலவு யார் தலையில் என்றும் பார். "100 இரவு படுத்துப் பாருங்கள்" என்பதிலும் இத்தனை இரவு கட்டாயம் படுத்திருக்க வேண்டும், திரும்ப எடுக்கக் கட்டணம் உண்டு என்றெல்லாம் நிபந்தனை இருக்கும்.

சுருட்டி வந்த மெத்தை என்றால் வந்த வாரத்திலேயே பிரித்துவிடு, நாள்கணக்கில் சுருட்டியே வைத்தால் முழுதாக எழும்பாமல் போகலாம். பிரித்த பின் 24 முதல் 72 மணி நேரம் காற்றாட விடு, வாடையும் போகும். பிறகு நாலு மூலையிலும் நடுவிலும் உயரத்தை அளந்து, லேபிளையும் பில்லையும் படம் எடுத்து வை. லேபிளைக் கத்தரித்துவிடாதே. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடு. ஒரு பக்கம் மட்டுமே படுப்பதற்கென்று செய்த மெத்தையைக் கவிழ்க்கக் கூடாது.

இரண்டு கடைக்கும் போன் போட்டு அடுக்கு விவரத்தையும் எடையையும் கேட்டு எழுது. கட்டிலின் மூன்று அளவையும் சேர்த்து அனுப்பு, கணக்கு நான் போட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கட்டாதே. "இன்றோடு சலுகை முடிகிறது" என்றால் முடியட்டும்.

அன்புடன்,
அப்பா