தூக்கு இன்னும் வரல

பாப்பா,

அப்பா எழுதறேன். போன்ல பேசினா நீ "சரிப்பா சரிப்பா"ன்னு சொல்லி வெச்சுடற, அதான் எழுதியே அனுப்பறேன். உன் தம்பி வாயால சொன்னா அதுவே டைப் ஆவும்னு காமிச்சுக் குடுத்தான், நான் "மதகு"ன்னு சொன்னா அது "மதுக்கு"ன்னு போடுது, ஞாயித்துக்கிழமை அதுவுமா எனக்கு எதுக்கு இந்த வம்புன்னு விரலாலயே தட்டறேன். தப்பு இருந்தா பொறுத்துக்க.

அன்னிக்கு நீ சொன்னது மனசுல உறுத்திக்கிட்டே கெடக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா ஜெபம் பண்ணவே தோணல, அங்க கோயிலுக்குப் போனாலும் ஒண்ணும் ஃபீல் ஆவல, ஆண்டவர் எங்கயோ தூரத்துல இருக்கற மாதிரி இருக்குன்ன. உங்கம்மா உடனே மூணு நாள் உபவாசம் இருக்கட்டுமான்னு கேட்டா, நான்தான் வேணாம்னேன், அவளுக்கு சுகர் இருக்கு, அது ஒரு பக்கம், ஆண்டவரை எங்கேர்ந்தோ இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி நெனைக்கறதே எனக்கு ஒப்பல.

உனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நீ 40 நாள் குழந்தை. நம்ம சபை போதகர் ஐயரு தலையில தண்ணி ஊத்தறாரு, நீ பாட்டுக்கு தூங்கற, மூணாவது கை தண்ணிக்கு மட்டும் லேசா மூஞ்சிய சுளிச்ச. அதுக்கு முன்னாடி நீ ஆண்டவருக்கு என்ன செஞ்சிருந்த, ஒரு பாட்டு பாடினியா, ஒரு ரூவா காணிக்கை போட்டியா? அவர் முந்தி நம்ம மேல அன்பு வெச்சாருன்னு யோவான் எழுதறாரே, அந்த "முந்தி"தான் எனக்கு எல்லாமே. ரோமர் 5:5 எடுத்துப் பாரு, தேவனோட அன்பு நம்ம இருதயத்துல ஊற்றப்பட்டிருக்குன்னு இருக்கும், இனிமே ஊத்துவாருன்னு இல்ல, நீ நல்லா ஜெபம் பண்ணினா ஊத்துவாருன்னும் இல்ல. தமிழ்ல புதிய ஏற்பாடு முதல்முதல்ல அச்சாகி வந்ததே 1715ல நம்ம தரங்கம்பாடியிலதான், அதுக்கு பக்கத்துலயே பொறந்து வளந்துட்டு இந்த ஒரு வசனம் மண்டையில ஏற எனக்கு 60 வயசாச்சு.

ஏறினது கோயில்ல இல்ல. மதகுல.

அப்பா 31 வருஷம் வாய்க்கால் மதகு ஏத்தி எறக்கற லஸ்கரா இருந்தேன்னு உனக்குத் தெரியும், ராத்திரி டார்ச்சும் கம்பியும் எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போவேன், நீ சின்னதுல நானும் வரேன்னு அழுவ. மேட்டூர்ல திறந்து, கல்லணையில காவேரி வெண்ணாறு கல்லணைக் கால்வாய் கொள்ளிடம்னு பிரிஞ்சு, வழியில எத்தனை ரெகுலேட்டர், எத்தனை தலைப்பு, எல்லாம் தாண்டி கடைசியா நம்ம கடைமடைக்கு வரும். வந்த அன்னிக்கு ஜனங்க "தண்ணி குடுத்த மவராசன்"னு என்னையத்தான் கும்புடும், எனக்கும் உள்ளுக்குள்ள குளுந்து போவும், பொய் சொல்ல மாட்டேன். என் தண்ணியா அது? நான் செஞ்சது ஷட்டர் திருகை சுத்தினது, அவ்வளவுதான்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், இது உங்கம்மாவுக்கே போன வருஷம்தான் சொன்னேன்.

2012ல வழக்கமா திறக்கற ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்கல, குறுவை போச்சு, செப்டம்பர் 17தான் சம்பாவுக்கு திறந்தாங்க. தண்ணி பத்தாம முறை வெச்சு விட்டோம். அப்பதான் உன் சித்தப்பாவுக்கும் எனக்கும் பாகப்பிரிவினையில வரப்பு சண்டை, ஒரு முழம் நெலத்துக்கு, இன்னிக்கு நெனைச்சா வெக்கமா இருக்கு. அவன் வயலுக்குப் போற கிளை வாய்க்கால் மதகை ராத்திரி 11 மணிக்கு நான் ஏத்தணும். ஏத்தல. மதகு மேலயே உக்காந்திருந்தேன் பாப்பா, டார்ச் அடிச்சுப் பாக்கறேன், இந்தப் பக்கம் தண்ணி ஏறி ஏறி பலகை மேல முட்டுது, அந்தப் பக்கம் வாய்க்கால் தரை வெடிச்சுக் கெடக்கு, நடுவுல நான் ஒருத்தன். காலையில 8 மணிக்கு மேலதான் ஏத்தினேன். கடைசி வயலுக்கு தண்ணி போய்ச் சேர்றதுக்குள்ள முறை முடிஞ்சுது, அடுத்த முறை வர்றதுக்குள்ள அவன் நாத்தங்கால் காஞ்சுபோச்சு. அந்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் திருவிருந்து அப்பமும் எடுத்தேன், தொண்டையில சிக்கல, நல்லாவே எறங்குச்சு. அதைத்தான் இப்ப நெனைச்சா பயமா இருக்கு.

அதுக்கப்புறம் அந்த வீட்டோட பேச்சு இல்ல. உன்னைய டிவிஎஸ்50ல முன்னாடி நிக்க வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவன் அவன், உன் டிகிரி முடிஞ்சதுக்குக் கூட வரல, நீ ஏன்ப்பா ஏன்ப்பான்னு கேட்ட, வரப்பு சண்டைன்னு சொல்லி வெச்சேன்.

நீ தூரம்னு சொன்னப்ப எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பக்கத்துக்காரன் தண்ணி வரல, மேட்டூர்ல இல்ல போலருக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தான், தண்ணி பலகைக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டு இருந்துச்சு. நீ எதையோ மூடி வெச்சிருக்கன்னு நான் சொல்லல, ஒரு வேளை வெறும் தூக்கம் பத்தாமயும் இருக்கலாம், மொதல்ல நல்லா தூங்கு. ஃபீலிங்கை வெச்சு அளக்காதேன்னுதான் சொல்றேன். ஸ்பீக்கர் கட்டி அழ வெக்கற கூட்டத்துக்கெல்லாம் நானும் போயிருக்கேன், எனக்கு ஒரு தடவை கூட கண்ணுல தண்ணி வந்ததில்ல, அதுக்காக அவர் எனக்குள்ள இல்லாம போயிட்டாரா?

ரிட்டையர் ஆனப்புறம் ஒரு நாள் உங்கம்மா விரால் மீன் குழம்பு வெச்சா. சித்தப்பாவுக்கு விரால்னா உசுரு. என்னமோ தோணுச்சு, தூக்குல ஊத்தி நானே எடுத்துட்டுப் போனேன், வழியில ரெண்டு தடவை திரும்பிடலாம்னு நின்னேன். சித்தி வாங்கிக்கிட்டா, அவன் டிவியிலேர்ந்து தலையத் திருப்பல. மறுநாள் தூக்கு கேட்டுல தொங்குது, கழுவி, வெறுமையா. நம்ம ஊர்ல யாராவது பாத்திரத்தை வெறுமையா திருப்புவாங்களா, ரெண்டு மொளகா, ஒரு பிடி சக்கரையாவது போட மாட்டாங்களா? எனக்கு சுள்ளுன்னு கோவம், உங்கம்மாகிட்ட கத்தினேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே "குழம்பு குடுக்கப் போனீங்களா கடன் குடுக்கப் போனீங்களா"ன்னா. அவகிட்ட வாயக் குடுக்கக் கூடாது.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு வெறுங்கையோட போனேன். அந்த ராத்திரி மதகை ஏத்தாம வெச்சது நான்தான்டா, வேணும்னேதான்னு சொன்னேன். தெரியும்னான். 12 வருஷமா தெரிஞ்சிருக்கு, ஆபீஸ்ல ஒரு மனு எழுதியிருந்தா என் வேலை போயிருக்கும், எழுதல. வேற எதுவும் பேசல, நானும் எந்திரிச்சு வந்துட்டேன்.

உன் வேலையை தன்னோடதுன்னு காமிச்ச அந்தப் புள்ளையப் பத்தி கேட்ட இல்ல, மேனேஜர்கிட்ட சொல்லு, கட்டாயம் சொல்லு, சொல்லாம புழுங்கறது அன்பு இல்ல. ஆனா கேன்டீன்ல அவ தனியா தட்டைத் தூக்கிட்டு நின்னா பக்கத்துல நகந்து எடம் குடு. அவ மாறணும்னு இல்ல, மாறாமலும் போவா.

ஜெபத்துக்கு ரொம்ப கஷ்டப்படாத. திடப்படுத்தல் கிளாஸ்ல லுத்தரோட சின்ன ஞானோபதேசம் படிச்சியே, காலை ஜெபம் முடிஞ்சதும் சந்தோஷமா உன் வேலைக்குப் போன்னு வரும், எனக்கு அதுல அந்த வரிதான் ரொம்பப் பிடிக்கும். நான் காலையில பல் வெளக்கறப்ப "இருக்கீங்க ஆண்டவரே, நன்றி"ன்னு சொல்றேன், அவ்வளவுதான், மிச்சம் நாள் பூரா மாட்டுக்கொட்டாய்லயும் வயல்லயும் ஓடுது. சில நாள் உங்கம்மாகிட்ட எரிஞ்சு விழறேன், சாயங்காலம் மன்னிப்பு கேக்கறேன், அவ உடனே ஒத்துக்கறதில்ல.

முந்தாநாள் மறுபடி விரால் கெடச்சுது, மறுபடி எடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவை சித்தப்பாதான் கதவத் தொறந்தான், தூக்கை வாங்கி உள்ள வெச்சான், உப்பு பாத்தியான்னு கேட்டான். தூக்கு இன்னும் வரல. உங்கம்மா நாளைக்கு பால் வாங்க அது வேணும்னு கத்தறா.

அப்பா