11ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்தவத் திருமணங்களில் பைபிளில் கொரிந்தியருக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம், அன்பைப் பற்றிய அந்த அழகான பகுதி, தவறாமல் ஒலிக்கிறது. சண்டை ஓயாத ஒரு சபைக்கு எழுதிய வரிகள் அவை என்பதைப் பிரசங்கங்களில் கேட்பது அரிது.

கி.பி. 50களின் நடுவில் எபேசுவிலிருந்து எழுதிய கடிதம் அது. கிரேக்க நகரமான கொரிந்துவில் சபை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் போதகர்களின் பெயரால் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா (பேதுரு) கட்சி! அதைவிடக் கொடுமை பந்தியில் நடந்தது. இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் கர்த்தருடைய பந்திக்கென்று கூடியவர்களில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு, குடித்து வெறித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட உங்களுக்கு வீடுகள் இல்லையா, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று 11ஆம் அதிகாரத்தில் பவுல் கொதிக்கிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் நான் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கிறேன்.

ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த திருமணத்தில் இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே வாசியுங்கள். விருந்துக்கு முன்பாக வாசித்தால் இன்னும் நல்லது.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை