திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடைபெற்றன. குறும்படப் போட்டியும் நடந்தது. டிசம்பர் கூட்டம் மழையால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, ஹாலிவுட் நடிகை கேதரின் ஹெப்பர்ன் படவரிசை. "கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படத்துக்கு யார் வருவார்கள்?" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. 1932-இல் திரைக்கு வந்து, அடுத்த ஆண்டு வெளியான 'மார்னிங் குளோரி'க்கே ஆஸ்கார் பெற்றவர் அவர். அதே நடிகையை 1938-இல் அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர் சங்கம் ஒன்று 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஒதுக்கப் பார்த்தது. அவர் ஆர்கேஓ பட நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை விட்டு விலகி, நாடக மேடைக்குப் போனார். 'தி ஃபிலடெல்பியா ஸ்டோரி' நாடகம் வெற்றி பெற்றது. அதன் பட உரிமை அவர் கையில் இருந்ததால், கதாநாயகி நானே என்ற நிபந்தனையோடு எம்ஜிஎம் பட நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1940-இல் படமும் ஓடியது. நடிப்புக்காக நான்கு ஆஸ்கார் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. நான்காவது கிடைத்தபோது வயது எழுபத்து நான்கு. இப்படிப்பட்டவரை நம் ஊருக்கு அறிமுகப்படுத்தியது வீண் வேலை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'தி ஆப்பிரிக்கன் குவீன்' திரையிட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன். படத்தில் போதை தெளியாத ஹம்ப்ரி போகார்ட் கெஞ்சிக் கொண்டிருக்க, ஹெப்பர்ன் ஜின் பாட்டில்களை ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்க்கிறார். முகத்தில் கோபமே இல்லை. பின்வரிசைக் கல்லூரி மாணவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் நம் உறுப்பினர்கள் அல்லர். வாட்ஸ்அப்பில் "கட்டாயம் வருகிறேன்" என்று போட்ட உறுப்பினர்களுக்காக வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் பாதி காலியாகக் கிடந்தன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவுக்குள் செலவு அடங்கவில்லை. துண்டு விழுந்ததைச் சிலர் கைக்காசு போட்டுச் சரிக்கட்டினார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயரைப் படிக்க விரும்பவில்லை. இரண்டு நினைவூட்டல் போன பின்னும் பதில் இல்லாதது மனதுக்கு வருத்தம்.

மண்டபம் தந்த உரிமையாளருக்கும், புரொஜெக்டர் இயக்கிய தம்பிக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இன்னொரு ஹாலிவுட் நடிகையான பெட்டி டேவிஸ் படங்களைத் திரையிட எண்ணம். மண்டபத்துக்கு ஜூனுக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். பழைய பாக்கி வந்தால் கட்டலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க யார் முன்வந்தாலும் மனநிறைவோடு ஒப்படைப்பேன். படவரிசையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்