லியேஜுக்குக் காசு, பிராங்க்பர்ட்டில் சரக்கு

அனுப்புநர்:
பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர், சரக்கு முன்பதிவுப் பிரிவு, சென்னை.

பொருள்: லியேஜ் விமான நிலையத்துக்குப் பதிவு செய்த 120 கார்ட்டன் வேறு ஊரில் இறக்கப்பட்டு லாரியில் போனது தொடர்பாக.

ஐயா,

தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகவேண்டிய சரக்கு இது. சாயப்பட்டறையில் பத்து நாள் இழுத்துவிட்டதால் ஏரில், அதாவது விமானத்தில், போடவேண்டி வந்தது. ஏரில் போட்டாலே அந்த ஆர்டரில் லாபம் இல்லை என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். பையரை, அதாவது சரக்கை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியை, காப்பாற்றிக்கொள்ளத்தான் போட்டேன்.

அப்போது உங்கள் அலுவலர் எங்கள் கம்பெனிக்கு வந்து இரண்டு விலை சொன்னார். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழி என்றால் கிலோவுக்கு 265 ரூபாய். வளைகுடாவில் ஒரே ஒரு முறை மாற்றி நேராக பெல்ஜியத்தின் லியேஜில் இறங்கும் சரக்கு விமானம் என்றால் 310. ஏன் 45 ரூபாய் அதிகம் என்று கேட்டேன். அவர் விளக்கியதை இப்போதும் ஒப்பிப்பேன். லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில், பியெர்செயில் பழைய ராணுவ விமானத்தளம் இருந்த இடத்தில் அமைந்த நிலையம். பயணிகள் கொஞ்சம்தான், சரக்குதான் பிழைப்பு, ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல். டிஎன்டி கூரியர் கம்பெனி 1998-லேயே அங்கே தளம் போட்டது, அலிபாபா குழுமத்தின் கிடங்கு 2021-ல் வந்தது. முக்கியமாக, 24 மணி நேரமும் விமானம் இறங்கலாம். பிராங்க்பர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை தடை இருக்கிறது, அங்கே மாட்டினால் ஒரு நாள் போச்சு சார் என்றார். குதிரைகள் தங்குவதற்குக்கூட லியேஜில் தனி விடுதி கட்டியிருக்கிறார்கள் என்று படம் காட்டினார். சரி, குதிரைக்கே இவ்வளவு கவனிப்பு என்றால் நம் பனியனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நம்பி 310-க்கு ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு லியேஜில் இறங்கும் என்றீர்கள். பையரின் லாரி காலை 8 மணிக்கு அங்கே போய்க் காத்திருந்தது. சரக்கு இல்லை. மதியம் வரை நின்றுவிட்டு வெறும் லாரியாகத் திரும்பியது. அந்த வாடகையையும் என் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அலுவலருக்குப் போன் போட்டேன். "லியேஜ் ஏரியாவுக்கு வந்தாச்சு சார்" என்றார். உண்மையில் அப்போது சரக்கு ஐரோப்பாவுக்கே வந்திருக்கவில்லை. அன்று மாலைதான், அதுவும் எந்த ஊரைத் தவிர்க்க நான் கூடுதல் காசு கொடுத்தேனோ அதே பிராங்க்பர்ட்டில் இறங்கியது. அங்கிருந்து லியேஜ் 300 கிலோமீட்டருக்கு மேல். திருச்சியில் நின்றுகொண்டு சென்னை ஏரியாவுக்கு வந்துவிட்டேன் என்று சொல்வது போல இருக்கிறது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஞாயிறன்று இரவு 10 மணி வரை ஓடுவதற்குப் பொதுவான தடை இருக்கிறது. சனி இரவு 12-க்குள் சரக்கைப் பிரித்து ஏற்ற முடியாமல் போனதால் 120 கார்ட்டனும் ஒரு முழுநாள் சும்மா கிடந்தன. இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது பையர் சொல்லித்தான். இணையத்தில் பார்த்தால் லாரிக்கும் ஒரு விமான எண் கொடுத்திருக்கிறார்கள், ஏதோ பறந்துகொண்டிருப்பது போலவே காட்டியது. திங்கள் அதிகாலை சரக்கு லியேஜ் போய்ச் சேர்ந்தது, பேப்பர் வேலை முடிந்து மாலையில்தான் பையர் கைக்குப் போனது. அன்று காலையே கடைகளுக்குப் பிரித்து அனுப்பவேண்டிய சரக்கு. பையர் தள்ளுபடி கேட்டிருக்கிறார்.

விமானச் சரக்கு ஐரோப்பாவுக்குள் லாரியில் போவது வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஏர்வே பில்லின், அதாவது விமானச் சரக்குச் சீட்டின், பின்பக்க விதிகளைக் காட்டி நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்பதும் தெரியும். அந்த விதிகளுக்கு நான் 310 கொடுக்கவில்லை. லியேஜில் விமானம் இறங்குவதற்குக் கொடுத்தேன். மாற்றவேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமையே ஒரு போன் செய்திருக்கலாம். பையரின் லாரியையாவது நிறுத்தியிருப்பேன்.

கார்ட்டன் அளவு 60, 40, 40 சென்டிமீட்டர். பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 16 கிலோ, பெட்டி அடைக்கும் இடத்துக்கான இந்தக் கணக்கு எடையைவிட அதிகமானால் கட்டணம் இதற்குத்தான். உள்ளே இருந்தது 14 கிலோதான், ஆனால் அது ஊரறிந்த கணக்கு, அதில் சண்டை இல்லை. 120 கார்ட்டனுக்கு 1,920 கிலோ. கிலோவுக்கு 45 வீதம் 86,400 ரூபாய். இந்தத் தொகையைத் திருப்பித் தரவேண்டும். வெறும் லாரி வாடகையையும் நீங்களே ஏற்கவேண்டும்.

இன்னொன்று, இது அவசரம். 7 கார்ட்டன்களில் பிளாஸ்டிக் உறை கிழிந்து உள்ளே நனைந்திருக்கிறது. பையர் வாங்கும்போதே ரசீதில் எழுதி, படமும் எடுத்து அனுப்பியிருக்கிறார். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதப் புகார் சரக்கு கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் போகவேண்டும், தாமதத்துக்கு 21 நாள். அனுப்புநரின் சம்மதம் இல்லாமல் லாரிக்கு மாற்றியிருந்தால் அந்த லாரிப் பயணமும் விமானப் பயணமாகவே கருதப்படும் என்றும் அதில் இருக்கிறது. எனவே ரோட்டில் நனைந்தது, எங்கள் பொறுப்பில்லை என்று விமானக் கம்பெனி கைகழுவ முடியாது. இன்றோடு 9 நாள் ஆகிவிட்டது. பையரின் புகார் நகலை இணைத்திருக்கிறேன். அது விமானக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை இரண்டு நாளுக்குள் எனக்கு அனுப்புங்கள். வழியை மாற்றச் சம்மதித்தது யார் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இதே பையருக்கு அடுத்த வாரம் 40 கார்ட்டன் போகவேண்டியிருக்கிறது. புக்கிங் கேட்டு உங்கள் அலுவலர் நேற்றும் போன் செய்தார். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதியாளர், திருப்பூர்.

இணைப்பு: ஏர்வே பில் நகல், உங்கள் இரண்டு விலைக் கடிதங்கள், பையரின் ரசீதும் படங்களும்.